கொள்ளு, மாலின், பிளீச்சிங் பவுடர்: இந்திய ராணுவக் கால்நடைத் துறையின் கதை

சென்னை மாகாணக் குதிரைப்படையில் ஒரு குதிரைக்கு இரண்டு ஆள். ஒருவர் குதிரைக்காரர். இன்னொருவர் புல் கொண்டுவருபவர். மதராஸ் பக்கத்தில் பல நேரம் அது ஒரு பெண். வடக்கே குதிரைக்குக் கொண்டைக்கடலை போட்டார்கள், இங்கே கொள்ளு, அதுவும் வேகவைத்து. வேகவைத்த கொள்ளை முழுக்க ஆறவிட்டுத்தான் குதிரையின் வாயில் மாட்டும் தீவனப்பையான வாய்ப்பையில் கட்ட வேண்டும். மிச்சம் இருந்தால் உடனே கொட்டிவிட்டுப் பையைக் கழுவிக் காயவைக்க வேண்டும். வெயிலில் கொள்ளு இரண்டு மூன்று மணி நேரத்தில் புளிக்கத் தொடங்கிவிடும். புளித்ததைத் தின்ற குதிரைக்கு வயிற்றில் வாயு அடைக்கும். மாடு ஏப்பம் விட்டுத் தப்பித்துக்கொள்ளும். குதிரையால் ஏப்பமும் விட முடியாது, வாந்தியும் எடுக்க முடியாது. உடம்பு அவ்வளவு பெரியது, இரைப்பை என்னவோ ஒரு வாளி அளவுதான்.

புல் விஷயத்திலும் இப்படித்தான். அருகம்புல்லை வேரோடு கொத்தி எடுத்து வருவார்கள். மண்ணை உதறி, அலசி, அதன்பிறகே போட வேண்டும். அலசாமல் போட்டால் மண் குடலின் அடிமடிப்புகளில் தங்கிவிடும். சில மாதம் கழித்துக் குதிரை படுத்துப் புரளும்போதுதான் தெரியவரும். கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. ஒரு கை லத்தியை வாளித் தண்ணீரில் கரைத்துத் தெளிய விடுங்கள், அடியில் மணல் படிகிறதா என்று பாருங்கள். இன்றும் ராணுவ லாயங்களில் இதைச் செய்கிறார்கள். தண்ணீர் முதலில், தீவனம் பிறகு. ஒரு நாளைக்கு 30 முதல் 40 லிட்டர். இது எந்த லாயத்திலும் முதல் பாடம்.

இத்தனை நுணுக்கத்தையும் யாரோ ஒருவர் பார்த்து, எழுதி, அடுத்தவருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். அதற்காக உருவானதுதான் இன்று மீரட்டில் மையமும் கல்லூரியும் கொண்ட ஆர்.வி.சி. எனப்படும் ரிமவுண்ட் அண்ட் வெட்டர்னரி கோர், அதாவது படைக்குக் குதிரை வாங்கி, மருத்துவமும் பார்க்கும் பிரிவு. அதன் வேரை 1779-ல் வங்காளத்தில் தொடங்கிய குதிரை இனப்பெருக்கத் துறை வரை கொண்டுபோவார்கள். எங்கள் பார்வையில் இந்தக் கதை நேராக வளர்ந்த கதையே இல்லை. சமாதானக் காலத்தில் சிக்கனம் என்று ஒன்றைக் கலைப்பார்கள். பிறகு போரோ நோயோ வரும், அதையே அதிக விலைக்குத் திரும்பக் கட்டுவார்கள். இருநூறு ஆண்டுகளில் இது பலமுறை நடந்திருக்கிறது.

பீகாரில் பூசாவில் இருந்த பண்ணைதான் முதலில் பேர் வாங்கியது. 1808-ல் அதற்குப் பொறுப்பேற்ற வில்லியம் மூர்கிராஃப்ட், பிரான்சில் லியோனுக்குப் போய் முறைப்படி கால்நடை மருத்துவம் படித்த முதல் ஆங்கிலேயர். அங்கே ஓட்ஸ் பயிரிட்டார், இனப்பெருக்கக் கணக்குகளை ஒழுங்குபடுத்தினார். நல்ல பொலிகுதிரை இல்லாமல் ஒன்றும் ஆகாது என்று முடிவுகட்டி, மத்திய ஆசியாவுக்குக் குதிரை தேடிக் கிளம்பிவிட்டார். புகாரா வரை போய்த் திரும்பும் வழியில், 1825-ல், ஆப்கானிஸ்தானின் வடக்கே இறந்துபோனார். ராணுவத்துக்காகக் குதிரை வாங்கப் போனாரா, ஊர் சுற்றப் போனாரா என்று கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரிகளே முணுமுணுத்தார்கள். அதில் கொஞ்சம் நியாயமும் இருந்தது.

மைசூரின் காளைகள், மத்திகிரியின் குதிரைகள்

தெற்கே கதை வேறு. இங்கே பீரங்கியை இழுத்தது காளை. மைசூர் உடையார்கள் காலத்தில் 'பெண்ணெ சாவடி' என்று ஒரு துறை இருந்தது. அரண்மனைக்குப் பாலும் வெண்ணெயும் கொடுத்த மாட்டுமந்தை அது. ஹைதர் அலி அதைப் படைக்குத் திருப்பினார். திப்பு சுல்தான் 'அம்ருத் மஹால்' என்று பெயர் வைத்தார். 1781-ல் சிதம்பரத்தைக் காக்க ஹைதர் இரண்டரை நாளில் 100 மைல் வந்துசேர்ந்தது இந்தக் காளைகளால்தான் என்று பழைய மைசூர்க் குறிப்புகள் சொல்கின்றன. வண்டிக்காளையின் வழக்கமான வேகம் தெரிந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று புரியும்.

இந்த மந்தையின் ரகசியம் இனத்தைப் போலவே மேய்ச்சல் ஏற்பாட்டிலும் இருந்தது. 'காவல்' என்று ஒதுக்கப்பட்ட புல்வெளிகளை மழைக்காலத்துக்கு, பனிக்காலத்துக்கு, கோடைக்கு என்று தனித்தனியாக வைத்திருந்தார்கள். கோடைக் காவல்களுக்கு ஏரிப்படுகையும் மரநிழலும் வேண்டும். மழைக்காலக் காவல் மேட்டுநிலமாக இருக்க வேண்டும். தண்ணீர் நின்றால் குளம்பு அழுகும், ஈரல் புழு ஏறும். மந்தை பருவத்துக்குப் பருவம் இடம் மாறியதால் ஒரே நிலத்தில் புழு முட்டைகள் சேரவில்லை. இன்றைக்குக் குடற்புழு மருந்து கொடுத்துச் செய்வதில் பாதியை அன்று நடந்தே செய்துவிட்டார்கள்.

1799-ல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்ததும் மந்தை கம்பெனி கைக்குப் போனது. சில வருடம் சரியாகப் பார்க்காமல் விட்டுத் தேய்ந்தது, பிறகு ராணுவ அதிகாரி ஒருவரின் பொறுப்பில் ஹுன்சூரை மையமாக வைத்து மீண்டது. 1860-ல் சிக்கனம் என்று மந்தையைக் கலைத்து விற்றார்கள். சந்தையில் காளை வாங்கிக்கொள்ளலாம் என்பது கணக்கு. வாங்கப் போனபோதுதான் தெரிந்தது, சந்தைக்கு வந்துகொண்டிருந்த நல்ல காளைகளுக்கும் அம்ருத் மஹால் பொலிகாளைகளே மூலம் என்று. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் மிச்சம் மீதியைத் தேடிப்பிடித்து மந்தையைத் திரும்பத் தொடங்கினார்கள்.

குதிரைக்கு இருந்த இடம் ஓசூர் பக்கத்து மத்திகிரி. 1824-ல் தொடங்கிய பண்ணை, 1,600 ஏக்கருக்கு மேல். இன்று அது தமிழ்நாட்டு அரசின் கால்நடைப் பண்ணை. அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்ததில் நல்ல யோசனை இருக்கிறது. கடல்மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரம், மிதமான வெயில், பெங்களூர் கன்டோன்மென்ட் பக்கத்திலேயே. பெங்களூருக்குப் படை வந்ததே சுகாதாரக் காரணத்தால்தான். ஸ்ரீரங்கப்பட்டணத்தில் காய்ச்சலில் ஆட்கள் விழுந்துகொண்டே இருந்ததால் 1809-ல் மேட்டுக்கு மாற்றினார்கள்.

பின்னால் ஆஸ்திரேலியாவிலிருந்து 'வேலர்' குதிரைகள் சென்னைக்குக் கப்பலில் வரத் தொடங்கின. நியூ சவுத் வேல்ஸிலிருந்து வந்ததால் அந்தப் பெயர். வாரக்கணக்கில் கப்பலின் அடித்தட்டில் நின்றுகொண்டே வந்த குதிரை இறங்கியவுடன் வேலைக்கு ஆகாது. கால் வீங்கியிருக்கும், நுரையீரலில் சளி கட்டியிருக்கும், பழகாத தீவனம் வேறு. கூட்டத்தில் ஒன்றுக்குத் தாடைக்கடியில் கட்டி வந்தால் மற்றதற்கும் பரவும். அதனால் தனி லாயத்தில் நிறுத்தி, தினம் இரண்டு வேளை உடல்வெப்பம் பார்த்து, முதலில் புல்லும் தவிடும், மெதுவாகக் கொள்ளு என்று பழக்க வேண்டும். ஒரு குதிரை 38.5 டிகிரி தாண்டினால் தனியே பிரிக்க வேண்டும். அவசரப்பட்டு ரெஜிமென்டுக்கு அனுப்பினால் புதுக் குதிரையோடு நோயும் போய்ச் சேரும்.

இரத்தத்தில் நெளிந்தது

இந்தத் துறை உலகுக்குக் கொடுத்த மிகப் பெரிய கண்டுபிடிப்பு 1880-ல், இன்று பாகிஸ்தானில் இருக்கும் தேரா இஸ்மாயில் கானில் நடந்தது. அப்போதுதான் இரண்டாம் ஆப்கான் போர் முடிந்துகொண்டிருந்தது, ஒட்டகங்கள் பல பத்தாயிரக்கணக்கில் செத்திருந்தன. அந்த ஊர்க் குதிரைகளுக்கும் ஒட்டகங்களுக்கும் 'சர்ரா' என்று ஒரு நோய். நன்றாகத் தின்னும், ஆனால் இளைத்துக்கொண்டே போகும். காய்ச்சல் வரும், இறங்கும், மறுபடி வரும். காலும் வயிற்றின் அடிப்பகுதியும் நீர் கோத்து வீங்கும். குதிரை பெரும்பாலும் பிழைக்காது.

அதை ஆராய அனுப்பப்பட்டவர் கிரிஃபித் எவன்ஸ், வேல்ஸ்காரர். கால்நடை மருத்துவம் படித்துவிட்டு, கனடாவில் பணியில் இருந்தபோது மெக்கில் பல்கலைக்கழகத்தில் மனித மருத்துவத்திலும் 1864-ல் பட்டம் வாங்கியவர். லாயத்துக்கும் மருத்துவமனைக்கும் நடுவே இருந்த சுவர் அவருக்குக் கிடையாது. நோயுற்ற குதிரையின் இரத்தத்தை மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். சிவப்பணுக்களுக்கு நடுவே சாட்டை போன்ற ஒன்று துள்ளி நெளிந்து, அணுக்களை இடித்துத் தள்ளிக்கொண்டிருந்தது. அந்த இரத்தத்தை நல்ல விலங்குகளுக்கு ஏற்றினார். அவற்றுக்கும் நோய் வந்தது. உள்ளூர்க்காரர்கள் பெரிய பழுப்பு ஈயைக் குறை சொன்னதையும் அறிக்கையில் எழுதிவைத்தார்.

மேலிடம் ஒப்புக்கொள்ளவில்லை. கல்கத்தாவில் டிமதி லூயிஸ் என்ற ராணுவ மருத்துவர் ஏற்கனவே எலிகளின் இரத்தத்தில் இதே மாதிரி உயிர்களைப் பார்த்திருந்தார். அந்த எலிகள் நன்றாகவே இருந்தன. ஆகவே இது தீங்கில்லாதது, நோயின் காரணம் வேறு என்று ஒதுக்கிவிட்டார்கள். 1885-ல் பர்மாவில் கோவேறு கழுதைகளிடம் ஸ்டீல் என்ற கால்நடை மருத்துவர் அதே உயிரைப் பார்த்து எவன்ஸின் பெயரையே அதற்கு வைத்தார். இன்றும் அது டிரிப்பனோசோமா எவன்சிதான். விலங்குகளுக்கு நோய் தரும் டிரிப்பனோசோம்களில் முதலில் கண்டுபிடிக்கப்பட்டது அதுவே. எவன்ஸ் 1935-ல் நூறு வயதில் இறந்தார்.

சர்ராவில் இன்றும் தவறு நடக்கும் இடம் ஒன்றுதான். காய்ச்சல் ஏறியிருக்கும்போது மட்டும்தான் ஒட்டுண்ணி இரத்தத்தில் நிறைய இருக்கும். காய்ச்சல் இல்லாத நாளில் ஒரு ஸ்லைடு எடுத்து, ஒன்றும் இல்லை என்று எழுதி அனுப்பினால் குதிரை போய்விடும், பக்கத்து லாயத்துக்கும் கொடுத்துவிடும். சரியான முறை: காலை மாலை உடல்வெப்பம் எழுது, ஏறும் வேளையில் காது நுனி இரத்தத்தை எடு, முதலில் சாயம் போடாமல் ஈரமாகவே பார், பிறகு சாயம் போட்டு உறுதி செய், தொடர்ந்து சில நாள் செய். அப்படியும் தெரியாவிட்டால் ஆய்வகத்தில் எலிக்கு ஏற்றிப் பார்ப்பார்கள். ஈ ஒரு குதிரையைக் கடித்துக்கொண்டிருக்கும்போது விரட்டினால், வாயில் ஒட்டிய இரத்தத்தோடு அடுத்த குதிரைக்குப் போகும். அதனால் நோயுள்ளதை நல்ல இடைவெளியில் தள்ளிக் கட்டுவது மருந்துக்கு முன் செய்ய வேண்டிய வேலை.

கண் இமையில் 0.1 மில்லி

கிளாண்டர்ஸ் வேறு ரகம். குதிரை, கழுதை, கோவேறு கழுதைக்கு வரும்; பராமரிப்பவருக்கும் வரும்; ஆன்டிபயாட்டிக் வருமுன் ஆளுக்கு வந்தால் பெரும்பாலும் சாவுதான். மூக்கின் உள்ளே புண், பிசுபிசுவென்ற சளி, பல நேரம் ஒரு துளையில் மட்டும். தாடைக்கடியில் நகராத கெட்டிக் கட்டி. தோல் வகையில் கால் ஓரமாகக் கயிறு ஓடியதுபோல் முடிச்சுகள் வரிசையாக எழும்பி உடையும். பரப்புவது பொதுத் தண்ணீர்த்தொட்டி. ஒரு குதிரை மூக்கை நனைத்துவிட்டுப் போனால் அந்த வரிசைக்கே ஆபத்து.

சோதனைக்கு மாலின் என்று ஒரு சரக்கு உண்டு. இந்த நோய்க்கிருமியை வளர்த்துக் கொன்று எடுத்த சாறு. 1890 வாக்கில் ரஷ்யாவில் ஹெல்மேனும் கால்னிங்கும் கண்டுபிடித்தது. அதைத் தயாரிக்கும்போதே நோய் தொற்றிக் கால்னிங் செத்துப்போனார். சோதனை செய்வது இப்படி: குதிரையைப் பிடித்து நிறுத்தி, இரண்டு கண்ணும் முன்பே தெளிவாக இருக்கிறதா என்று பார்த்து எழுதிக்கொள்ள வேண்டும். மெல்லிய ஊசியால் ஒரு கண்ணின் கீழ் இமைத் தோலுக்குள் 0.1 மில்லி. தோலுக்கு அடியில் போய்விட்டால் பலன் சரியாக வராது. ஊசி போட்ட இடத்தில் பட்டாணி போலச் சின்னத் தடிப்பு எழ வேண்டும். 24 மணி நேரத்திலும் 48 மணி நேரத்திலும் பார்க்க வேண்டும். நோய் இருந்தால் இமை வீங்கிக் கண் மூடும், உள்மூலையிலிருந்து சீழ் வழியும், வெளிச்சத்தைப் பார்க்கக் கூசும். மற்றக் கண் ஒப்பிட இருக்கிறது.

ஏமாற்றும் இடங்கள் இரண்டு. நோய் முற்றி உடல் ஓய்ந்த குதிரை மாலினுக்கு ஒன்றுமே காட்டாது, ஆகவே கண்ணுக்கே தெரியும் நோயாளியை மாலின் 'சுத்தம்' என்று சொன்னால் நம்பக்கூடாது. புதிதாகத் தொற்றியதும் காட்டாது. அதனால் ஒரு முறை சோதித்து முடிக்காமல் சில வாரம் விட்டு முழு லாயத்தையும் திரும்பச் சோதிக்க வேண்டும். நோய் உறுதியானால் சிகிச்சை கிடையாது, கொல்வதுதான். வாய்ப்பை, கயிறு, மரத்தொட்டி எல்லாம் எரிப்பு. இந்தியாவில் 1899-லேயே இதற்குச் சட்டம் வந்துவிட்டது.

இதை அலட்சியம் செய்தால் என்ன ஆகும் என்பதை அதே வருடம் தொடங்கிய போயர் போர் காட்டியது. தென்னாப்பிரிக்காவில் 1902-க்குள் பிரிட்டிஷ் படை சுமார் 3,26,000 குதிரைகளையும் 51,000 கோவேறு கழுதைகளையும் இழந்தது. குண்டடிபட்டுச் செத்தது கொஞ்சம். மிச்சமெல்லாம் பட்டினி, களைப்பு, சொறி, கிளாண்டர்ஸ். புதுக் குதிரை வரும் டிப்போவிலேயே நோய்க் குதிரையையும் கட்டினார்கள். களத்தில் கால்நடை மருத்துவமனையே கிட்டத்தட்ட கிடையாது, ஏனென்றால் சமாதானக் காலத்தில் அதற்குப் பணம் ஒதுக்கவில்லை. அடுத்த வருடமே, 1903-ல், பிரிட்டனில் ராணுவக் கால்நடைப் படைப்பிரிவைத் தனியாக அமைத்தார்கள். மதராஸ் கால்நடைக் கல்லூரி வேப்பேரியில் தொடங்கியதும் அதே 1903-ல்தான். இது தற்செயல், தொடர்பு இல்லை.

மனிதர் பக்கம்

சிப்பாயின் உடம்பைப் பார்க்கும் துறை தனியாக வளர்ந்தது. 1863-ல் ராயல் கமிஷன் அறிக்கை வந்தது. இந்தியாவில் பிரிட்டிஷ் சிப்பாய்கள் வருடத்துக்கு ஆயிரத்துக்கு 69 பேர் வீதம் செத்துக்கொண்டிருந்ததை அது சொன்னது, போரில் செத்தவர்கள் அதில் சிறு பகுதி. பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அந்தக் கணக்கின் பின்னால் இருந்தார். அடுத்த வருடம் வங்காளம், சென்னை, பம்பாய் மூன்று மாகாணத்திலும் சுகாதாரக் கமிஷன்கள் அமைந்தன.

காலரா வந்தால் அப்போதிருந்த விதி, முகாமைக் கலைத்துக் காற்றடிக்கும் திசைக்குக் குறுக்காக நடந்து போவது. கெட்ட காற்று நோய் தருகிறது என்ற தவறான நம்பிக்கையிலிருந்து வந்த விதி. ஆனாலும் பல முறை பலித்தது, ஏனென்றால் நடந்துபோனபோது கெட்டுப்போன கிணற்றையும் விட்டுவிட்டுப் போனார்கள். தோல் துருத்தியில் அதே தண்ணீரை நிரப்பிச் சுமந்துபோன படையோடு காலராவும் கூடவே போனது.

தண்ணீர்ப் பிரச்சினைக்கு விடை சொன்னவர் வில்லியம் ஹாராக்ஸ். இவர் மால்டாவில் ஆட்டுப்பாலில் மால்டா காய்ச்சல் கிருமியைப் பிரித்தெடுத்த ராணுவ மருத்துவர். 1905-ல் தெமிஸ்டோக்ளிஸ் சம்மிட் அங்கே ஆடுகளின் இரத்தத்தில் நோய்த்தடம் கண்டதும், ஹாராக்ஸ் பாலைச் சோதித்தார், கிருமி கிடைத்தது. ஆடுகளோ பார்க்க நன்றாகவே இருந்தன. மறு வருடம் படையினருக்கு ஆட்டுப்பாலை நிறுத்தினார்கள். வருடத்துக்கு நூற்றுக்கணக்கில் விழுந்துகொண்டிருந்த சிப்பாய்கள் எண்ணிக்கை மளமளவென்று சரிந்தது. மால்டா ஊர்மக்களுக்கு யாரும் பாலை நிறுத்தவில்லை. அவர்கள் பல பத்தாண்டு அதே காய்ச்சலில் கிடந்தார்கள். இன்று புருசெல்லோசிஸ் என்கிறோமே, அது இதுதான். ஹாராக்ஸ் இந்தியாவிலும் பணியாற்றியவர். இரண்டாம் உலகப்போர்த் தளபதியான அவர் மகன் பிறந்தது ராணிகேத்தில்.

ஹாராக்ஸின் பெட்டி இன்றும் நம் மருத்துவக் கல்லூரிகளில் வைவா எனும் வாய்மொழித் தேர்வுக்கு வைக்கப்படுகிறது. கிணற்றுக்கோ டேங்குக்கோ எவ்வளவு பிளீச்சிங் பவுடர் போட வேண்டும் என்று சொல்லும் பெட்டி. உள்ளே ஆறு வெள்ளைக் கிண்ணம், ஒவ்வொன்றும் 200 மில்லி. உட்புறத்தில் கோடு போட்ட ஒரு கறுப்புக் கிண்ணம். தலைதட்டினால் 2 கிராம் பிடிக்கும் கரண்டி. பிப்பெட், கலக்கும் குச்சிகள், ஸ்டார்ச் அயோடைடு கரைசல்.

கறுப்புக் கிண்ணத்தில் ஒரு கரண்டி பவுடர் போட்டு, கொஞ்சம் தண்ணீர் விட்டுக் குழைத்து, கோடு வரை தண்ணீர் ஊற்றிக் கலக்கித் தெளிய விட வேண்டும். வெள்ளைக் கிண்ணங்களில் சோதிக்க வேண்டிய தண்ணீர். தெளிந்த கரைசலை முதல் கிண்ணத்துக்கு ஒரு சொட்டு, இரண்டாவதுக்கு இரண்டு என்று ஆறாவதுக்கு ஆறு சொட்டு. ஒவ்வொன்றையும் தனிக் குச்சியால் கலக்கி அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும். பிறகு ஸ்டார்ச் அயோடைடு மூன்று சொட்டு வீதம். மிச்சக் குளோரின் இருக்கும் கிண்ணம் நீலமாகும். தெளிவாக நீலமான முதல் கிண்ணம் மூன்றாவது என்றால், 455 லிட்டர் தண்ணீருக்கு மூன்று கரண்டி, அதாவது 6 கிராம். தண்ணீரில் போட்டு ஒரு மணி நேரம் விட்டபிறகே குடிக்கலாம். அப்போதும் லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் குளோரின் மிச்சம் இருக்க வேண்டும்.

கெடுவது எங்கே? பவுடரில். புதுப் பவுடரில் சுமார் 33 சதவீதம் குளோரின் இருக்கும். டப்பா மூடியைத் திறந்துபோட்டு, ஈரக் கொட்டகையில் வைத்தால் சில வாரத்தில் வெறும் சுண்ணாம்புதான். அதனால்தான் கடையில் இருக்கும் பவுடரால் சோதித்துவிட்டு, முகாமில் இருக்கும் பவுடரைப் போடக்கூடாது. எதைப் போடப்போகிறோமோ அதையே எடுத்துச் சோதிக்க வேண்டும். ஆறு கிண்ணமும் வெள்ளையாகவே நின்றால், ஒன்று பவுடர் செத்திருக்கிறது அல்லது தண்ணீர் அவ்வளவு அழுக்கு. கலங்கல் தண்ணீரை முதலில் தெளிய வைத்து வடிகட்டாமல் குளோரின் போடுவது வீண்.

இன்னொரு ராணுவ மருத்துவரைத் தமிழ்நாட்டில் பல தலைமுறை பெயர் தெரியாமலே அறிந்திருந்தது. நாய் கடித்தால் தொப்புளைச் சுற்றி 14 ஊசி என்பார்களே, அந்தத் தடுப்பூசியை 1911-ல் இமாசலத்தின் கசௌலியில் உருவாக்கியவர் டேவிட் செம்பிள். 1900-ல் கசௌலி நிலையம் வருமுன் வெறிநாய் கடித்த வெள்ளைச் சிப்பாயைப் பாரிசுக்குக் கப்பலேற்றி அனுப்பினார்கள். தெற்குக்கு 1907-ல் குன்னூர் நிலையம் வந்தது. செம்பிள் முறையில், நோய் ஏற்றிய ஆட்டின் மூளையை அரைத்து பீனாலால் கிருமியைக் கொன்றார்கள். மலிவு, எங்கும் தயாரிக்கலாம், லட்சக்கணக்கான உயிரைக் காத்தது. மூளைத்திசு இருந்ததால் சிலருக்கு நரம்பு பாதித்துக் கைகால் விழுந்ததும் உண்மை. 2004-05 வாக்கில்தான் இந்தியா அதை முழுதாக விட்டது.

பண்ணைகள் வந்ததும் போனதும்

காலரா குறைந்தபிறகு டைபாய்டுதான் பிரிட்டிஷ் சிப்பாயை அதிகம் கொன்றது. கடைவீதிப் பால் மீது சந்தேகம் வந்தது. பாலில் தண்ணீர் கலந்ததைவிட, எந்தத் தண்ணீர் கலந்தது என்பதுதான் சிக்கல். 1889-ல் அலகாபாத்தில் முதல் ராணுவப் பால் பண்ணை தொடங்கியது. பண்ணைகள் பெருகின, ஐரோப்பிய இனங்களோடு கலப்பு செய்தது பின்னால் 'ஃப்ரீஸ்வால்' என்ற இனம் வரை போனது.

பண்ணை வந்ததும் மருத்துவர் வேலை கூடியது. மாட்டுக்குக் காசநோய் இருக்கிறதா என்று கழுத்துத் தோலில் 0.1 மில்லி டியூபர்குலின் போட்டு 72 மணி நேரத்தில் தோல் தடிப்பை அளக்க வேண்டும். 4 மில்லிமீட்டர் கூடினால் மந்தையிலிருந்து நீக்கம். புருசெல்லோசிஸுக்கு ஒரு மில்லி பாலில் ஒரு சொட்டு சாயமேற்றிய கிருமிக் கரைசல் விட்டு 37 டிகிரியில் ஒரு மணி நேரம். மேலே வரும் பாலாடை நீல வளையமாக நின்றால் மந்தையில் நோய் இருக்கிறது. புதிதாகக் கன்று போட்ட மாட்டின் சீம்பாலும், மடிநோய்ப் பாலும் பொய்யாக நீலம் காட்டும்; அவற்றைத் தவிர்த்து எடுக்க வேண்டும்.

1920 டிசம்பர் 14 அன்று இந்தியாவுக்கென்று ராணுவக் கால்நடைப் படைப்பிரிவு தனியாக அமைந்தது. சுதந்திரத்துக்குப் பின் குதிரை வாங்கும் ரிமவுண்ட், மருத்துவம், பண்ணை மூன்றும் ஒரே குடைக்கீழ் வந்தன. 1960 மே 1-ல் பண்ணைகளைத் தனியே பிரித்தார்கள். அந்த 1960 வேறு காரணங்களுக்காகவும் முக்கியம். மார்ச் 1-ல் மீரட்டில் நாய்ப் பயிற்சிப் பிரிவு தொடங்கியது. அதே வருடம் ஆப்பிரிக்கக் குதிரைக் கொள்ளைநோய் மேற்காசியா வழியாக இந்தியாவுக்குள் நுழைந்தது. கொசுவைப் போன்ற சின்னக் கடி ஈ பரப்பும் வைரஸ்; நுரையீரலில் நீர் நிரம்பி, மூக்கில் நுரை தள்ளிக் குதிரை நின்ற இடத்தில் விழும். அந்தி சாயுமுன் குதிரைகளை லாயத்துக்குள் கொண்டுவந்து விடிந்தபிறகு வெளியே விடுவது, தடுப்பூசி, நடமாட்டத் தடை என்று மூன்றையும் சேர்த்துச் செய்து சில ஆண்டில் அடக்கினார்கள். மேற்காசியாவிலும் இந்தியாவிலும் சேர்த்து மூன்று லட்சத்துக்கு மேற்பட்ட விலங்குகள் போயின.

2021 மார்ச் 31-ல் ராணுவப் பண்ணைகள் முறைப்படி மூடப்பட்டன. வழக்கம்போல் சிக்கனம் என்று நாங்கள் முதலில் முகம் சுளித்தோம், ஆனால் இதில் நியாயம் இருக்கிறது. 1889-ல் நம்பத்தக்க பால் வெளியே கிடைக்கவில்லை. இன்று கூட்டுறவுப் பால் பாஸ்டரைஸ் ஆகிப் பாக்கெட்டில் வருகிறது. அம்ருத் மஹாலைக் கலைத்தபோது மாற்று இல்லை, இப்போது இருக்கிறது. மாடு வளர்ப்பது போகலாம். சோதிப்பது போகக்கூடாது, போகவும் இல்லை.

அந்த வேலை இன்று பெரும்பாலும் இறைச்சியில் நடக்கிறது. எல்லைக் காவல்நிலைகளுக்கு ஆடு உயிரோடு போகிறது. இறக்கியதும் தனியே நிறுத்தி ஓய்வு, தண்ணீர், நடை பார்த்தல், உடல்வெப்பம். வாயிலோ குளம்பிலோ கொப்புளம் இருந்தால் கோமாரி. அந்த லோடு முழுக்க நிறுத்தம். திடீரென்று செத்து மூக்கிலும் ஆசனவாயிலும் கறுத்த இரத்தம் வழிந்தால் அடைப்பான். கத்தியே வைக்கக்கூடாது, காற்றுப் பட்டால் கிருமி விதைகளாக மாறி மண்ணில் பல பத்தாண்டு கிடக்கும். துளைகளைப் பஞ்சால் அடைத்து, ஆறடிக் குழியில் சுண்ணாம்போடு புதைக்க வேண்டும் அல்லது முழுதாக எரிக்க வேண்டும். அறுத்தபிறகு நிணநீர்க் கட்டிகளை வெட்டிப் பார்ப்பது, ஈரலில் புழு, நுரையீரலிலும் ஈரலிலும் நீர்க்கட்டி. அந்த நீர்க்கட்டி ஆட்டை ஒன்றும் செய்யாததுபோல் இருக்கும். தூக்கி எறிந்து முகாம் நாய் தின்றால் நாயின் குடலில் நாடாப்புழு வளரும், அதன் முட்டை நாயைத் தடவிய கையில் ஒட்டும், சில வருடம் கழித்து ஒரு சிப்பாயின் ஈரலில் கட்டியாக ஸ்கேனில் தெரியும். அதனால் கட்டியுள்ள உறுப்பை எண்ணிப் பதிவேட்டில் எழுதி, கால்நடை அதிகாரியின் கண் முன்னாலேயே எரிக்க வேண்டும். முகாம் நாய்களுக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை புழு மாத்திரையும் கொடுக்க வேண்டும்.